யாரிடமிருந்து தற்காப்பு?

பெண்களுக்காக நடத்தப்படும் இரண்டு மணி நேரத் தற்காப்பு முகாம் ஓர் ஏமாற்று வேலை. கல்லூரிகளும் காவல்துறையும் மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளத் துறைகளும் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் இதை நடத்துகின்றன. மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படம் வருகிறது: வெள்ளை உடையில் ஒரு மாஸ்டர், அவருடைய கையை முறுக்கும் ஒரு மாணவி, பக்கத்தில் கைதட்டும் முதல்வர். அன்று மாலை அந்த மாணவி பேருந்தில் ஏறும்போது அவளிடம் புதிதாக இருப்பது ஒரு சான்றிதழ் மட்டும்தான். நான் ஜூடோ பழகத் தொடங்கி 19 ஆண்டுகள் ஆகின்றன. 11 ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறேன். சண்டைக் கலைகள் பெண்களுக்கு வேண்டாம் என்று சொல்பவள் இல்லை நான். அவற்றின் பெயரால் நமக்கு எதை விற்கிறார்கள் என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

"பெண்களுக்கு எந்தக் கலை நல்லது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கராத்தேயா, சிலம்பமா, டேக்வாண்டோவா, இப்போது நகரங்களில் வார இறுதி வகுப்பாக விற்கப்படும் கிராவ் மகாவா? நான் திருப்பிக் கேட்பேன்: யாரிடமிருந்து? எங்கே? அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான்? இதற்குப் பதில் இல்லாமல் ஒரு கலை நிஜத்தில் உதவுமா என்று கேட்பது, நோயைச் சொல்லாமல் மருந்தை விசாரிப்பது மாதிரி.

முகாம் நடத்துபவர்களிடம் இதற்கு ஒரு பதில் இருக்கிறது, வாய்விட்டுச் சொல்வதில்லை. அவன் முன்பின் தெரியாதவன். நேரம் இரவு. இடம் ஆள் நடமாட்டம் இல்லாத சந்து. அவன் நேர் எதிரே வந்து ஒரு கையால் உங்கள் மணிக்கட்டைப் பிடிக்கிறான். பிடித்துவிட்டு, நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று காத்திருக்கிறான். அடுத்த முறை ஒரு தற்காப்பு டெமோ பார்க்க நேர்ந்தால் அந்த ஆளின் மறு கையை மட்டும் கவனித்துக்கொண்டிருங்கள். அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். நிஜத்தில் அந்தக் கை உங்கள் கூந்தலில் இருக்கும், அல்லது கழுத்தில், அல்லது அறைந்துகொண்டிருக்கும். பிடியிலிருந்து விடுவித்துக்கொள்ளும் அந்த அழகான முறுக்கல் பொய்யில்லை. எதிராளி ஒத்துழைக்கும்போது அது வேலை செய்கிறது. எதிராளி ஒத்துழைக்காதபோதும் அதைச் செய்ய முடியுமா என்று அந்த அரங்கில் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

ஒரு கலையை எடைபோட எனக்குத் தெரிந்த முதல் உரைகல் இதுதான்: பயிற்சியில் எதிராளி மறுக்கிறாரா? 1882-இல் டோக்கியோவில் கோடோகனைத் தொடங்கிய ஜிகோரோ கானோ பழைய ஜூஜுட்சுவில் இருந்த கொல்லும் உத்திகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, முழு பலத்தோடு பழகக்கூடியவற்றை மையத்தில் வைத்தார். அந்தப் பயிற்சிக்கு ராண்டோரி என்று பெயர். நீங்கள் என்னை வீழ்த்தப் பார்க்கிறீர்கள், நான் உங்களை வீழ்த்தப் பார்க்கிறேன், இருவரும் விட்டுக்கொடுப்பதில்லை. கண்ணைக் குத்துவதை நீங்கள் யார்மீதும் முழு வேகத்தில் பழக முடியாது. ஆகவே அது உங்களுக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்ள மட்டுமே முடியும். ஒருவரைத் தூக்கிப் போடுவதை ஆயிரம் முறை பழகலாம். ஆபத்தானது என்று சொல்லப்படும் உத்தியைவிட, ஆபத்தில்லாமல் திரும்பத் திரும்பப் பழகிய உத்திதான் தேவைப்படும்போது கைக்கு வரும். குத்துச்சண்டையும் மல்யுத்தமும் நல்ல கராத்தே வகுப்பில் நடக்கும் ஸ்பாரிங்கும் இந்த உரைகல்லில் தேறும். வருடக்கணக்காகக் கட்டா மட்டுமே ஆடிவிட்டுக் கருப்புப் பட்டை கொடுக்கும் வகுப்பு தேறாது, சுவரில் எத்தனை கோப்பைகள் இருந்தாலும்.

சிலம்பத்தைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன். அது கால்களின் கலை, தூரத்தை அளக்கும் கலை. ஒரு பெண் கம்பைச் சுழற்றும்போது அவளைச் சுற்றி விரியும் வட்டம் அவளுடையது. கேரளத்தின் வடகரையில் களரிப்பயட்டு கற்பிக்கும் மீனாட்சியம்மா 2017-இல் பத்மஸ்ரீ பெற்றபோது எழுபதைக் கடந்திருந்தார். அவருடைய வாள் வீச்சைப் பார்த்து வியக்காதவள் இல்லை நான். ஆனால் தாம்பரம் மின்சார ரயிலில் காலை எட்டரை மணிக்கு யாரும் கம்பு கொண்டுபோக முடியாது. கொண்டுபோனாலும் சுழற்ற இடமில்லை. மரபு, அழகு, உடற்பயிற்சி, தன்மதிப்பு என்று எதற்காக வேண்டுமானாலும் சிலம்பம் பழகலாம், பழக வேண்டும். 'பெண்களின் பாதுகாப்புக்கு' என்று அதற்கு ஒரு லேபிள் ஒட்டுவது அந்தக் கலைக்கும் அவமானம், நமக்கும் ஆபத்து.

அடுத்து, எடை. "டெக்னிக் இருந்தால் எடை ஒரு பொருட்டே இல்லை" என்று சொல்லாத தற்காப்பு மாஸ்டரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒலிம்பிக் ஜூடோவில் பெண்களுக்கு ஏழு எடைப் பிரிவுகள். 48 கிலோவில் தொடங்கி 78 கிலோவுக்கு மேல் வரை. உலகிலேயே மிகச் சிறந்த டெக்னிக் உள்ளவர்கள் அவர்கள். அவர்களையே 48-க்கு எதிராக 78-ஐ நிறுத்துவதில்லை, இருவருமே பெண்களாக இருந்தும். பிறகு எந்தத் துணிச்சலில் ஒரு முதலாண்டு மாணவியிடம் எடை பொருட்டில்லை என்கிறீர்கள்?

என் கலையும் தப்பாது. ஜூடோ தடித்த சட்டையைப் பிடித்து விளையாடும் விளையாட்டு. தெருவில் வருபவன் போட்டிருக்கும் டி-ஷர்ட் கிழிந்து கையோடு வந்துவிடும். குத்து, உதை கிடையாது. கத்தியைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெறுங்காலில், மெத்தையில், வெள்ளை உடையில் பழகுகிறோம். வாழ்வதோ சேலையிலும் சுடிதாரிலும் ரப்பர் செருப்பிலும், தோளில் ஒரு பை, கையில் டிபன் பாக்ஸ். இதையெல்லாம் சேர்த்துக்கொண்ட பிறகும் ஜூடோ தரும் ஒன்றை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: தன்னைவிடக் கனமான ஓர் உடல் மேலே அழுத்திக்கொண்டிருக்கும்போதும் மூச்சு விடலாம், யோசிக்கலாம், இடுப்பை நகர்த்தலாம் என்று உடலுக்குத் தெரிந்துவிடுகிறது. இது வர மாதங்கள் ஆகும். இரண்டு மணி நேரத்தில் வராது.

இந்த நாட்டில் மிக அதிகமாகப் பயன்பட்ட பெண் தற்காப்புக் கருவி எது என்று கேட்டால், தயங்காமல் ஊக்கு என்பேன். பேருந்துக் கூட்டத்தில் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்பவனுக்கும் உங்களுக்கும் இடையே தூரமே கிடையாது. உதைக்கவோ குத்தவோ கையை ஓங்கவோ இடமில்லை. அவன் செய்வதும், கேட்டால் "கூட்டம்மா, நான் என்ன பண்ண" என்று மறுத்துவிடக்கூடிய விஷயம். இவ்வளவையும் கணக்கில் எடுத்துக்கொண்ட ஆயுதம் சேலை மடிப்பிலிருந்து வந்தது. எப்போதும் உடன் இருக்கிறது, சுழற்ற இடம் கேட்பதில்லை, குத்திய அளவு குற்றத்தின் அளவுக்கே இருக்கிறது, அவனாலும் வெளியே சொல்ல முடியாது. அத்தைகளும் அக்காக்களும் தாவணி வயதுப் பெண்களின் காதில் சொல்லிக்கொடுத்த இந்தக் கலைக்கு எந்த மாஸ்டரும் பட்டை தந்ததில்லை. யாருக்கு எதிராக, எங்கே என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் தற்காப்பு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதற்கும் எல்லை உண்டு. அது பேருந்துக்கு மட்டும்தான். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உதவாது.

உடல் வலிமையும் சண்டைத் திறமையும் இருந்தால் போதும் என்று இன்னும் நம்புகிறவர்கள் 2023-ஐ நினைவுபடுத்திக்கொள்ளட்டும். அந்த ஜனவரியிலும் பிறகு ஏப்ரலிலும் தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தவர்கள் யார்? 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சாக்ஷி மாலிக். ஆசிய விளையாட்டிலும் காமன்வெல்த்திலும் தங்கம் வென்ற வினேஷ் போகட். மல்யுத்தக் கூட்டமைப்பின் அன்றைய தலைவர் வீராங்கனைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார் என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார், 2024 மே மாதம் தில்லி நீதிமன்றம் அவர்மீது குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. மறுக்கும் எதிராளியோடு தினமும் மோதிப் பழகியவர்கள் இந்தப் பெண்கள். அவரைத் தரையில் கிடத்த அவர்களுக்குச் சில நொடிகள் போதும். மே 28 அன்று நாடாளுமன்றப் புதிய கட்டடத்தின் திறப்பு விழா நாளில், தெருவில் காவலர்கள் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனதை நாடே பார்த்தது. டிசம்பரில் சாக்ஷி தன் மல்யுத்தக் காலணிகளைப் பத்திரிகையாளர் முன் மேசையில் வைத்துவிட்டு விளையாட்டை விட்டு விலகினார். அவர்களிடம் பிடி இல்லாமலா? தேர்வுப் பட்டியலும், பயிற்சி முகாமும், எதிர்காலமும் இன்னொருவர் கையில் இருக்கும்போது, கையை முறுக்கிவிடலாம்; அதற்குப் பிறகு என்ன?

இந்த 'அதற்குப் பிறகு' முகாம்களில் இல்லாத பாடம். அடித்துவிட்டு ஓடு என்கிறார்கள். எங்கே ஓடுவது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள், பதிவான பாலியல் வன்புணர்வு வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர் என்று ஆண்டுக்கு ஆண்டு சொல்கின்றன. பெண்களுக்கு எதிரான குற்றங்களில் மிகப் பெரிய பங்கு கணவரும் அவருடைய உறவினரும் செய்யும் கொடுமைக்கே. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில், 18 முதல் 49 வயது வரையிலான திருமணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். சந்தில் நிற்கும் அந்நியன் இந்தக் கணக்கில் எங்கோ கடைசியில் இருக்கிறான். இரவு உணவுக்குப் பிறகு கை ஓங்குபவன், அந்த வீட்டின் வாடகையைக் கட்டுகிறான், குழந்தை அவனை அப்பா என்று கூப்பிடுகிறது. ஜூடோ தெரிந்த மனைவி அவனை ஒருநாள் வீழ்த்தலாம். அவன் எழுந்திருப்பான். அன்றிரவு இருவரும் அதே வீட்டில்தான் படுக்க வேண்டும். அவளுக்குத் தேவை 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், அதன் கீழ் அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை, கூப்பிட்டால் எடுக்கும் 181, தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, "திரும்பி வா" என்று சொல்லும் ஓர் அம்மா வீடு.

ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. வயலின் சொந்தக்காரன் கையைப் பிடித்தால் அவள் திருப்பி அடிக்கலாம், அடித்தவர்கள் இருக்கிறார்கள். பதிலடி அவள்மீது மட்டும் விழாது. அவள் தெரு முழுவதன் மீதும் விழும். அந்த விலையைத் தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு நாளும் எதிர்ப்பதா பொறுப்பதா என்று அவள் முடிவு செய்கிறாள். நகரத்து முகாமில் ஒலிபெருக்கி பிடித்துக்கொண்டு "பயப்படாதீங்க பெண்களே" என்று கத்துபவருக்கு அவளுடைய பயத்துக்குப் பின்னால் இருக்கும் அறிவு புரியப்போவதில்லை.

2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியை, அவரைத் தொடர்ந்து தொல்லைப்படுத்திவந்த இளைஞன் ஓடும் ரயிலின் முன் தள்ளிக் கொன்றான். 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் நிலைய நடைமேடையில், ஆட்கள் நின்றுகொண்டிருந்த காலை வேளையில், ஒரு பெண் அரிவாளால் வெட்டிக் கொல்லப்பட்டார். தள்ளுவதற்கும் அரிவாளுக்கும் எந்தக் கட்டாவில் விடை இருக்கிறது? பொள்ளாச்சியில் நட்பாகப் பழகி, அழைத்துச்சென்று, படம் பிடித்து மிரட்டினார்கள். 2025 மே மாதம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கைப்பேசிக் கேமராவுக்கு எதிரான தற்காப்பு, "படம் வெளியே வந்தால் வரட்டும், நீ செய்தது குற்றம், எனக்கு இதில் அவமானமில்லை" என்று ஒரு பெண் சொல்லக்கூடிய ஊரைக் கட்டுவதுதான். அது மாஸ்டரின் வேலை அல்ல, அவரைக் குறை சொல்ல முடியாது. அது தங்கள் வேலை என்பதை மறைக்கத்தான் மற்றவர்கள் மாஸ்டரை வரவழைக்கிறார்கள்.

இங்கேதான் என் உண்மையான கோபம் இருக்கிறது. பயனற்ற முகாம் வெறும் நேர விரயம் என்றால் விட்டுவிடலாம். அது ஒரு கடனை நம் தலையில் ஏற்றுகிறது. "சொல்லிக்கொடுத்தோமே, ஏன் அடிக்கவில்லை?"

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் ஒரு வரலாறு உண்டு. 1972-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குள், மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமியை இரண்டு காவலர்கள் வன்புணர்ந்ததாக வழக்கு. 1978-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அவள் உடலில் காயம் இல்லை, ஆகவே எதிர்க்கவில்லை, ஆகவே சம்மதம் என்ற பாதையில் போனது அந்தத் தீர்ப்பு. 1979-இல் உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். அதைத் தொடர்ந்து பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்று சட்டத்திலேயே எழுத வைக்க 2013 வரை ஆனது. ஒரு தலைமுறைப் பெண்கள் போராடி நீதிமன்றத்திலிருந்து விரட்டிய கேள்வியை, கல்லூரி ஆடிட்டோரியத்தின் பின்வாசல் வழியாக உள்ளே கூட்டிவருகிறார்கள்.

உடல் உறைந்துபோவது கோழைத்தனமும் இல்லை, பயிற்சிக் குறைவும் இல்லை. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பின் அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டறிந்த ஆய்வு 2017-இல் வெளியானது. பத்தில் ஏழு பேர் அந்தத் தாக்குதலின்போது குறிப்பிடத்தக்க அளவுக்கு அசைவற்றுப்போனதாகச் சொன்னார்கள். கை வரவில்லை, குரல் வரவில்லை. ஒவ்வொரு தற்காப்பு வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் இதைச் சொல்ல வேண்டும்: உங்கள் உடல் உறைந்துபோகலாம், அப்படி ஆனால் அது உங்கள் குற்றமல்ல, நீங்கள் உயிரோடு வந்ததே போதும். இதைச் சொல்லும் ஆண் மாஸ்டர் ஒருவரை மட்டுமே இதுவரை பார்த்திருக்கிறேன்.

இதற்குள் என் தோழிகள் சிலர் தலையாட்டத் தொடங்கியிருப்பார்கள். "அதைத்தானே நாங்களும் சொல்கிறோம். பெண்களுக்கு அடிக்கச் சொல்லிக்கொடுக்காதே, ஆண்களுக்கு அடிக்காமலிருக்கச் சொல்லிக்கொடு." இந்த வாசகத்தைப் பதாகையில் பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆண்கள் கற்றுக்கொண்டு முடிக்கும்வரை இந்த வெள்ளிக்கிழமை இரவுப் பணி முடித்துத் திரும்புகிறவள் என்ன செய்வது? தற்காப்பு என்றாலே பழியைப் பெண்மீது போடுவது என்று ஒதுக்குவதும் ஒரு சோம்பல்தான். ஏனென்றால் சரியாகச் சொல்லிக்கொடுத்தால் பலன் இருக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் 893 பேரை வைத்து சார்லீன் சென் குழுவினர் நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு 12 மணி நேர வகுப்பு. மறு பாதிக்குத் துண்டுப்பிரசுரம். ஓராண்டுக்குப் பிறகு வன்புணர்வுக்கு உள்ளானவர்கள் துண்டுப்பிரசுரக் குழுவில் 9.8 விழுக்காடு, வகுப்புக் குழுவில் 5.2. ஏறக்குறையப் பாதி.

அந்த 12 மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். கைகால் பயிற்சி ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் தெரிந்த ஆணைப் பற்றியது. நண்பன், காதலன், கூடப் படிப்பவன் எல்லை மீறத் தொடங்கும்போது அதன் முதல் அடையாளங்கள் என்ன; அதைக் கண்டபிறகும் "பாவம், தப்பாக எடுத்துக்கொள்வானோ" என்று நம்மைத் தடுப்பது எது; உனக்கு உண்மையில் என்ன வேண்டும், என்ன வேண்டாம். கடைசிக் கேள்வியை நம் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள், மறுநாள் பெற்றோர் சங்கம் கூடிவிடும். மகளின் முழங்கை அந்நியனின் விலாவில் படுவதைக் கைதட்டி ரசிக்கும் குடும்பம், அவள் மாமா மகனிடம் "தொடாதே" என்று சத்தமாகச் சொல்வதை ரசிப்பதில்லை. என் வகுப்புக்கு வரும் பெண்களுக்குக் கடினமான பயிற்சி தூக்கிப் போடுவதல்ல. கத்துவதுதான். "கையை எடு" என்று வயிற்றிலிருந்து கத்தச் சொன்னால் முதல் வாரம் சிரித்துவிடுகிறார்கள். இரண்டாம் வாரம் "கையை எடுங்க" என்று மரியாதையோடு வருகிறது. அந்த 'ங்க'வைப் பிடுங்கி எறிய ஒரு மாதம் ஆகிறது. 'அண்ணா'வை எடுக்க இன்னொரு மாதம்.

தனியாக ஒருத்தி, தனியாக ஒருவன் என்ற படமும் ஓர் ஆண் கற்பனைதான். லண்டனில் வாக்குரிமைக்குப் போராடிய பெண்களுக்கு ஜூஜுட்சு சொல்லிக்கொடுத்த எடித் காரட் ஐந்தடிகூட உயரமில்லாதவர். 1913-இல், சிறையில் உண்ணாவிரதமிருந்து விடுவிக்கப்பட்ட பெண்களை உடல் தேறியதும் மறுபடி கைது செய்யும் சட்டம் வந்தபோது, எம்மலின் பாங்க்ஹர்ஸ்டைக் காவலர் பிடியிலிருந்து காக்க ஒரு மெய்க்காவல் படை உருவானது. அவர்களுக்குப் பயிற்சி தந்தவர் காரட். 1914-இல் கிளாஸ்கோவில் மேடையைச் சுற்றிக் கட்டிய பூமாலைகளுக்குள் முள்கம்பியை மறைத்துவைத்துவிட்டுக் காவலர்களுக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் படித்தது இன்று முகாமில் காட்டும் அதே மணிக்கட்டு முறுக்கல்களாக இருக்கலாம். ஆனால் யாருக்கு எதிராக, யாரோடு சேர்ந்து, எதற்காக என்பதை அவர்கள் முதலில் முடிவு செய்திருந்தார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2021-இல் திண்டுக்கல் பகுதியில் ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். அங்கே தொழிலாளிப் பெண்களும் அவர்களுடைய சங்கமும் தற்காப்பு முகாம் கேட்கவில்லை. 2022-இல் நிர்வாகத்தையும் வெளிநாட்டு நிறுவனங்களையும் கையெழுத்திட வைத்தார்கள். திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். தையல் வரிசைகளில் வேலை செய்யும் பெண்களே பயிற்சி பெற்று, தொல்லைகளைக் கவனித்து, புகாரைக் கொண்டுபோகிறார்கள். மேற்பார்வையாளன் ஒருத்தியின் தோளில் கை வைத்தால் அவன் எதிர்கொள்வது அவளுடைய முழங்கையை அல்ல, ஒரு வரிசைப் பெண்களை. எந்தத் தற்காப்பு முறை நிஜத்தில் வேலை செய்கிறது என்று கேட்டால் நான் இதையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பேன், கராத்தேவுக்கு மேலே.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சண்டை சொல்லிக்கொடுக்கும் இடமே பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாணவிகளிடம் அத்துமீறியதாகத் தற்காப்புப் பயிற்சியாளர்கள் கைதான செய்திகள் தமிழ்நாட்டிலும் வந்திருக்கின்றன. பிடித்துத் திருத்துவது இந்தக் கலைகளின் கற்பித்தல் முறை. மாஸ்டரிடம் கேள்வி கேட்காமல் குனிந்து வணங்குவது அவற்றின் ஒழுக்கம். இந்த இரண்டும் சேரும் இடத்தில் என்ன நடக்கலாம் என்று சொல்லத் தேவையில்லை. மகளைச் சேர்க்கப்போகும் வகுப்பில் கதவு திறந்திருக்கிறதா, பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, "என்னைத் தொடாமல் சொல்லிக்கொடுங்கள்" என்று ஒரு சிறுமி சொன்னால் மாஸ்டரின் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அந்த முகமே பாதி பதில்.

சட்டத்தையும் சொல்லிக்கொடுக்கட்டும். வன்புணர்வு நோக்கத்தோடு தாக்குபவனையும் ஆசிட் வீசுபவனையும் தடுக்கும்போது அவனுக்கு மரணமே விளைந்தாலும் அது குற்றமல்ல. பாரதிய நியாய சன்ஹிதாவின் 38-ஆம் பிரிவு, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 100. அவன் விழுந்து, நீங்கள் தப்பிவிட்ட பிறகும் அடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. தற்காப்பு முகாமில் கலந்துகொண்ட எத்தனை பேருக்கு இது தெரியும்?

மத்திய அரசின் திட்டம் ஒன்று அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி தருகிறது. இரண்டு மணி நேரத்தைவிட மூன்று மாதம் எவ்வளவோ மேல். அதில் ஒரு மாதத்தை வீட்டுக்குள் இருக்கும் ஆளைப் பற்றிப் பேச ஒதுக்கலாம். 1098-ஐ அழைத்தால் என்ன நடக்கும் என்று ஒருமுறை நடித்துப் பார்க்கலாம். பக்கத்து வகுப்பறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் பையன்களுக்கும் அந்த மூன்று மாதத்தில் ஏதாவது சொல்லிக்கொடுக்கலாம்.

"சரி மேடம், கடைசியில் எதில்தான் சேர்ப்பது?" என்று கேட்கும் அம்மாக்களுக்கு என் பதில்: உங்கள் ஊரில் ஜூடோவோ குத்துச்சண்டையோ மல்யுத்தமோ, நன்றாக ஸ்பாரிங் நடக்கும் கராத்தே வகுப்போ எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் சேருங்கள். குறைந்தது ஓர் ஆண்டு. மாதவிடாய் நாளில் லீவு கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் "படிப்பு கெடும்" என்று நிறுத்திவிடாதீர்கள். பெண்களை அப்போதுதான் நிறுத்துகிறோம், பையன்களை நிறுத்துவதில்லை. முடிந்தால் நீங்களும் சேருங்கள், வாரத்துக்கு இரண்டு மாலை, சமையலை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். கல்லூரியில் முகாம் நடத்தினால் போய் உட்காருங்கள், தண்ணீர் பாட்டிலும் சமோசாவும் கிடைக்கும். முடிந்ததும் எழுந்து, இந்தக் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் இருப்பவர்கள் யார், கடந்த ஆண்டு எத்தனை புகார்கள் வந்தன, அவற்றை என்ன செய்தீர்கள் என்று ஒலிபெருக்கியில் கேளுங்கள்.